கயிற்றுக்கு இந்தப் பக்கம்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களுக்குக் காலையில் கோயில் மணி கேட்கும். எங்கள் தெருக்காரர்களுக்கு அதற்கு முன்னாலேயே காசிநாதனின் குரல் கேட்டுவிடும். "யார்பா இது, வண்டிய நடுத்தெருவுல வுட்டது? எடுபா, பாவு வருது!" வண்டி பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பெயர் ஜெபகுமார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எடுப்பேன். "காலங்காத்தால உன் மூஞ்சிலயா முழிக்கணும் ஜெபா" என்பார். "எனக்கும் அதே கஷ்டந்தான் அண்ணா" என்பேன். எங்கள் சிநேகம் இப்படி வளர்ந்ததுதான்.

பாவு என்பது புடவையில் நீளவாக்கில் ஓடுகிற இழை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கு எடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். காசிநாதனுக்குச் சொந்தத் தறி கிடையாது. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இவர் பாவு நீட்டும் கூலி வேலைக்கு வந்து, அந்த ஆட்களுக்கே தலைவராகிவிட்டார். பாவு நிற்கிற நேரம் வரைக்கும் எங்கள் தெருவுக்கு அவர்தான் கலெக்டர். மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளை, பால்காரர் எல்லாரும் சுற்றித்தான் போக வேண்டும். பாவைத் தாண்டுவதும் கூடாது, குனிந்து அடியில் நுழைவதும் கூடாது. அவசரமாக ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பாஸ்டரையே ஒரு நாள் பின் தெரு வழியாக அனுப்பி வைத்தார்.

சுருட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். "சுருட்டியாச்சு!" அதுதான் தெருவுக்கு விடுதலை. அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கத்திக்கொண்டு ஓடும். கையைத் தூக்கும்போதே பாதி ஓடிவிடுகிற பிள்ளைகளும் உண்டு. அவற்றைத் திரும்பக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் தட்டுவார். அப்படிப்பட்ட மனிதர்.

அவருக்கும் கங்கையம்மாளுக்கும் ஒரே பிள்ளை, கமல். பத்தாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். செம்பழுப்பு நிறம். கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகில் பொன்னிறமாக ஒரு கோடு. ஜரிகை என்று பெயர் வைத்தான். பட்டு ஊரில் பிறந்த நாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வந்த இரண்டாவது வாரமே ஜரிகை கஞ்சி வாசனைக்கு ஆசைப்பட்டது. பாவிலிருந்து சொட்டுகிற கஞ்சியை நக்கப் போய், எம்பிக் குதித்து, நகம் மாட்டி, ஒரு கொத்து இழை அறுந்துபோனது. கல்யாணப் புடவைக்கான பாவு அது. காசிநாதன் கையில் இருந்த மூங்கில் குச்சியாலேயே அடித்தார். கமல் குறுக்கே விழுந்து அவனுக்கும் இரண்டு விழுந்தது. "அடிச்சி வளக்காத புள்ளயும் முறுக்கி வளக்காத மீசையும் உருப்படாதுபா" என்று அவர் எங்களுக்கெல்லாம் நியாயம் சொன்னார். அதற்கப்புறம் தினமும் காலையில் குட்டியைப் பாவின் முன்னால் உட்கார வைத்து, அசைந்தால் ஓர் அடி, அசையாவிட்டால் ஒரு பொறை பிஸ்கட். கைதட்டினால்தான் எழ வேண்டும். ஒரு மாதத்தில் படித்துவிட்டது. எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு ஏறவில்லை.

ஏறியதும் கொஞ்ச நஞ்சமாக ஏறவில்லை. பாவு என்று இல்லை, குறுக்கே எது நீண்டு கிடந்தாலும் அதற்கு எல்லை. துணி காயப்போட்ட கயிறு தாழ்ந்து தொங்கினால் உட்கார்ந்துவிடும். ஒரு வருஷம் தேர்த் திருவிழாவில் வடத்தைத் தெருவில் போட்டுவிட்டு எல்லாரும் மோர் குடிக்கப் போய்விட்டார்கள். இது வடத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததுதான். கூட்டம் மிதிக்கிறது, வெயில் கொளுத்துகிறது, நகரவில்லை. கமல் தேடிக்கொண்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கையைத் தூக்கித் தட்டிய பிறகுதான் எழுந்து வந்தது. அன்றைக்குக் காசிநாதனுக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா ஜெபா, வளப்பு!" என்று என்னிடம் எத்தனை முறை சொன்னாரோ.

கமல் வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். கம்பெனி பஸ் காலையில் எங்கள் தெருமுனைக்கு வரும். ஜரிகை அதுவரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வரும். சாயங்காலம் அதே முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல பையன். நல்ல பையன் என்று செத்தவர்களை எல்லாரும் சொல்வதுதான், ஆனால் இவனை உயிரோடு இருக்கும்போதே சொன்னோம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி நண்பர்கள் வேன் பிடித்துக் கடலுக்குப் போனார்கள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் குப்பம், அதை ஒட்டிய கடற்கரை. கமல் ஜரிகையையும் வேனில் ஏற்றிக்கொண்டான். "அது கடலே பாத்ததில்லமா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவனும் அதற்கு முன்னால் சரியாகப் பார்த்தவன் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளம் தெரியும், தண்ணீர் வந்தால் பாலாறு தெரியும். கடல் பின்னுக்கு இழுக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

கரையில் இரண்டு படகுகளுக்கு நடுவே வலை காயப்போடக் கயிறு கட்டியிருந்தார்களாம். பையன்கள் அதைத் தாண்டிக் கடலுக்கு ஓடினார்கள். ஜரிகை கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டது. கமல் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "அங்கயே இரு, ஆழம் பாத்துட்டு வந்து கூப்புடுறேன்" என்றானாம். மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவன் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறான். முதலில் பார்த்தது நாய்தான். விடாமல் குரைத்திருக்கிறது. பிஸ்கட்டுக்குக் குரைக்கிறது என்று நினைத்தார்களாம். கமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருக்கிறான். விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

இதையெல்லாம் துக்கம் கேட்க வந்த அந்தப் பிள்ளைகளே அழுதுகொண்டு சொன்னார்கள். அதில் ஒருவன், ஏன் சொன்னானோ, இன்னொன்றும் சொன்னான். "அவன் கையத் தூக்கினப்ப நாய் எழுந்து நின்னுச்சுண்ணா. அப்புறம் மறுபடி உக்காந்துக்கிச்சு. கடைசி வரிக்கும் அந்தக் கயித்தத் தாண்டவே இல்ல."

காசிநாதன் தலையை நிமிர்த்தினார். மூலையில் படுத்திருந்த ஜரிகையைப் பார்த்தார். "நாய்னா குதிச்சிருக்கணும். முடியுதோ முடியலயோ, குதிச்சிருக்கணும். தெருநாய் தெருநாய்தான். சோறு கண்ட எடம் சொர்க்கம்" என்றார். அதோடு சரி. அதற்கப்புறம் அதன் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை.

கயிறு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நாயை யார் உட்காரச் சொல்லிப் பழக்கியது, எதைத் தாண்டக் கூடாது என்று யார் அடித்தது என்பது தெருவுக்கே தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவருக்கோ அது தோன்றவே இல்லை. அவருக்குப் பாவு வேறு, கயிறு வேறு. பட்டு இழையையும் வலைக் கயிற்றையும் ஒன்றாக நினைக்க அவர் கைகளுக்கு முடியாது. நாய்க்கு ஏது அந்த வித்தியாசம்?

வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். பாவு நிற்கும்போது ஜரிகை பழையபடி வந்து உட்காரும். கைதட்டினால் எழுந்து போகும். அவர் கை தட்டுவார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். சோறு போடுவது, குளிப்பாட்டுவது எல்லாம் கங்கையம்மாள். சாயங்காலம் தெருமுனைக்குப் போய் உட்காருவதை மட்டும் அந்த நாய் விடவில்லை. கம்பெனி பஸ் வரும், பிள்ளைகள் இறங்குவார்கள், ஒவ்வொருவராகப் பார்க்கும், பஸ் போனதும் வீட்டுக்குத் திரும்பும். நான் அந்த நேரத்தில் அந்த முனைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

முதல் வருஷத் திதிக்கு நாய் கடலுக்கு வரக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். திருமுக்கூடலிலேயே முடித்துக்கொள்ளலாம், மூன்று ஆறு கூடுகிற இடம், பக்கத்திலும் இருக்கிறது என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "அவன் அங்கயா போனான்?" என்று கங்கையம்மாள் ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டாள். நான்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். இலை போட்டு, அவனுக்குப் பிடித்த குஸ்காவை வைத்து, காக்காய்க்குப் பிடி போட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவது வருஷம் கங்கையம்மாள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "கடைசியா அவன் கூட இருந்தது அதுதான். காக்காய்க்கு ஒரு பிடின்னா அதுக்கும் ஒரு பிடி, அங்கதான்" என்று ஜரிகையைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டாள். போய்ப் பார்த்தால் கடற்கரைக்கு வாசல் முளைத்திருந்தது. கம்பி வேலி, கல் பாவிய நடைபாதை, உட்காரக் குடை, ஒரு காவலாளி. பெரிய பலகை. அதில் ஒரு நாயை வரைந்து மேலே சிவப்பாகக் கோடு போட்டிருந்தார்கள்.

"நாய் உள்ள போகக் கூடாதுங்க. போர்டு பாருங்க" என்றார் காவலாளி.

"அது ஒண்ணும் பண்ணாதுபா. சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள் கங்கையம்மாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே மணலில் நாலைந்து நாய்கள் சுகமாகப் படுத்திருந்தன. "அது இன்னாபா, ஆடா?" என்றேன்.

"அது ஊர் நாய் சார். அதுங்களுக்குப் போர்டு படிக்கத் தெரியாது."

"எங்க நாய் மட்டும் எம்.ஏ. படிச்சிட்டு வந்துக்கீதா?"

அதற்குள் தண்ணீர் ஓரமாக ஓர் அம்மாள், கன்றுக்குட்டி உயரத்துக்கு முடி மண்டிய ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். அதைக் காட்டினேன். "அவங்க பக்கத்து பங்களா வழியா வர்றாங்க சார். அது அவங்க தனி வழி. என் கையில இருக்குறது இந்த கேட்டுதான்" என்றார். பாவம், அவர்மேல் கோபித்து என்ன பயன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், இவர் பூசாரிகூட இல்லை. பூசாரி வைத்த காவல். ஆனால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கடலை யாரும் வெட்டவில்லை, யாரும் நிரப்பவில்லை. வாசல் வைக்க மட்டும் யாருக்கோ உரிமை வந்துவிடுகிறது. பங்களா இருந்தால் நாயோடு நடக்கலாம். ஆட்டோவில் வந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம்.

ஜரிகையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு நானும் அதோடு இருந்தேன். அவர்கள் மட்டும் போய்ப் படையல் போட்டார்கள். அலைச் சத்தம் கேட்கக் கேட்க அது ஊளையிட்டது. கங்கையம்மாள் கொண்டுவந்து நீட்டிய பிடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஆடியிலேயே ஜரிகையின் அடிவயிற்றில் கட்டி வந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் காட்டினோம். வயசாகிவிட்டது, அறுத்தால் தாங்காது, இருக்கிற வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தெருமுனைக்கு நடந்து போகவே அதற்கு இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஆனாலும் போனது.

திதிக்கு முன்தினம் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் வீட்டில் பேச்சுக் கேட்டது.

"இந்த வாட்டி அது மண்ணுல கால் வெக்கணும். இல்லன்னா நான் வரல. நீயே போயி எல போட்டுக்க."

"கடல்ல அதுக்கு இன்னா வேல? அன்னிக்கு இருந்துச்சே, இன்னா கிழிச்சிது?"

"யோவ், எம்புள்ள எந்த எடத்துல போனான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அதுக்கு மட்டுந்தான் தெரியும். செத்துப்போறதுக்குள்ள வந்து காட்டட்டும்யா. அந்த எடத்துல ஒரு பிடி சோறு வெச்சிட்டு வரேன்."

காலையில் காசிநாதனே வந்து ஆட்டோவில் கோணி விரித்தார். நாயைத் தூக்கி வைத்தது மட்டும் கங்கையம்மாள்.

வாசலில் அதே காவலாளி. எங்களை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை குரலில் கெஞ்சல் இருந்தது. "அம்மா, கேமரா வெச்சிருக்காங்கம்மா. என் வேல போயிடும்." கங்கையம்மாள் நாயோடு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேல போனா வேற வேல கெடைக்கும். எனக்கு எது கெடைக்கும்?" என்றாள். வெளி ஆளிடம் அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. திருப்புட்குழியிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள் முதல் தெருவில் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவள்.

எனக்கு ஆச்சரியம் காசிநாதன்தான். எங்கள் தெருவில் ஊரையே சுற்றிப் போகச் சொன்ன மனிதர், இங்கே சண்டை போடுவார் என்று நினைத்தேன். "எழுந்திரு கங்கா. தடுத்தா தடுத்ததுதான். நான் நம்ம தெருவுல சொல்றதத்தான் அந்தாளும் இங்க சொல்றாரு" என்றார். சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் மீன் கூடையோடு ஓர் அம்மாள் வந்தார். பெயர் பொன்னியம்மாள் என்று பிறகு தெரிந்தது. என்ன ஏது என்று விசாரித்தார். கங்கையம்மாள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அந்தப் பட்டு ஊரு புள்ளயா? எங்க ஆளுங்கதாம்மா தேடி எடுத்தாங்க" என்றார். கூடையை இறக்கினார். "இந்த கேட்டுல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? இது டூரிஸ்ட்டுக்கு. குப்பத்துப் பக்கமா வாங்க, நாங்க தெனம் போற வழி. எங்கள யாரு கேக்குறது? கேட்டா சொல்லிக்கலாம்." காவலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த மட்டுக்கு நல்ல மனிதர்.

குப்பத்துச் சந்து வழியாக நடந்தோம். மீன் செதில், டீசல், கருவாடு எல்லாம் சேர்ந்த வாசனை. ஜரிகை முதலில் தள்ளாடித்தான் வந்தது. காற்று மாறியதும் காது நிமிர்ந்தது. கங்கையம்மாளின் கையிலிருந்த சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் போகத் தொடங்கியது. வீடுகள் முடிந்து மணல் வந்தது. மேட்டில் படகுகள் நின்றன. இரண்டு படகுகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் நீலக் கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதற்கு அப்பால் கடல்.

இலையும் குஸ்காப் பாத்திரமும் வைத்திருந்த காசிநாதன் கயிற்றைத் தாண்டி முன்னால் போய்விட்டார். நானும் தாண்டினேன். கங்கையம்மாள் தாண்டினாள், கையிலிருந்த சங்கிலி இறுகியது. திரும்பிப் பார்த்தோம். ஜரிகை கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

"வா கண்ணு" என்றாள் கங்கையம்மாள். வரவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். அப்போதும் வரவில்லை. கடலைப் பார்த்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு குரைக்க ஆரம்பித்தது. இவ்வளவு நோயிலும் அதற்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, தெரியவில்லை. ஒரே இடத்தைப் பார்த்து, மூச்சு வாங்கி வாங்கி, விடாமல் குரைத்தது. முன்னங்கால்கள் கயிற்றை ஒட்டி மணலைப் பறித்தன. கயிற்றைத் தாண்டவில்லை.

காசிநாதன் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் காதால் கேட்டதுதான் இது. கண்ணால் இப்போதுதான் பார்க்கிறார். மெதுவாகத் திரும்பி வந்தார். பாத்திரத்தை மணலில் வைத்தார். கயிற்றின் மேல் அவர் கை போனது. தெருவில் பாவு இறுக்கம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பழக்கத்தில் போன கைதான். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"கங்கா" என்றார். "இத பாவுன்னு நெனச்சிக்கினு இருக்குது."

கங்கையம்மாள் அவிழ்த்த சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஜெபா, உனக்கு?"

நான் கடலைப் பார்த்தேன். கங்கையம்மாள்தான் பதில் சொன்னாள். "தெருவுக்கே தெரியும்யா."

அவர் கயிற்றைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நாய்க்கும் அவருக்கும் நடுவில் அந்தக் கயிறு. அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதத்தானே கேட்ட. நான் சொன்னதத்தானேடி கேட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை செத்தபோது அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு அழுகை. இது எங்கிருந்தோ கிழிந்துகொண்டு வந்தது. ஜரிகை அவர் கையை நக்கிவிட்டு, அவர் தோளுக்கு மேலே மறுபடியும் கடலைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றார். வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஜரிகையும் எழுந்து நின்றது. கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு ஓங்கித் தட்டினார்.

"சுருட்டியாச்சு! போம்மா ஜரிகை, சுருட்டியாச்சு!"

அது குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தது. ஓட முடியவில்லை. ஆனாலும் நடக்கவில்லை, ஓடத்தான் பார்த்தது. நேராகத் தண்ணீருக்குப் போனது. அலை வந்து காலை நனைத்தது, வயிற்றை நனைத்தது, நிற்கவில்லை. கழுத்து வரைக்கும் போய் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தேடியது. அடுத்த அலை அதைப் புரட்டியது. காசிநாதன் வேட்டியோடு பாய்ந்து போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். சொட்டச் சொட்ட அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் நின்றார்.

"அன்னிக்கு யாராச்சும் ஒரு தட்டுத் தட்டியிருந்தா போதுமே கங்கா. அவனுக்குத் தெரியுமே. அவனே தட்டியிருக்கலாமே" என்றார்.

"தட்டத்தான்யா கையத் தூக்கியிருப்பான்" என்றாள் கங்கையம்மாள். "ரெண்டு கையையும் ஒண்ணு சேக்க முடியல."

இலையை அங்கேயே போட்டோம், நாய் தேடி நின்ற இடத்துக்கு நேராக. காக்காய்க்கு ஒரு பிடி. ஜரிகைக்கு ஒரு பிடி, காசிநாதன் கையால். கொஞ்சம் சாப்பிட்டது.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் ஜரிகை இறந்துபோனது. தெருமுனையில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேப்பமரத்தடியில் காசிநாதனே குழி வெட்டினார். கடற்கரையில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனபோது பார்த்தேன், குப்பத்துச் சந்துக்கும் ஒரு கேட் போடப்போகிறார்கள் என்று பொன்னியம்மாள் சொன்னார்.

இப்போதும் காலையில் காசிநாதனின் குரல் கேட்கிறது. நானும் வண்டியை எடுத்து விடுகிறேன். பாவு நீட்டுகிறார்கள், கஞ்சி தெளிக்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுகிறார்கள். முடிந்ததும் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார். தூக்கினால் உடனே தட்ட வருவதில்லை. கை அப்படியே நிற்கிறது. முன்பெல்லாம் பாதியிலேயே ஓடிவிடுகிற பிள்ளைகள், இப்போது அவர் தட்டுகிற வரைக்கும் ஒன்றுகூட அசைவதில்லை.